நியூசிலாந்தில் வாடகை கார் எடுத்து ஓட்டுவது: லைசென்ஸ் முதல் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வரை

நியூசிலாந்தின் தெற்குத் தீவைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் கார்தான் வழி. பல வழித்தடங்களில் பேருந்து நாளுக்கு ஒன்றோ இரண்டோதான் ஓடும், ரயில் ஓரிரண்டு தடங்களில்தான், அதுவும் நாம் நிற்க ஆசைப்படும் ஏரிக்கரையில் நிற்காது. போன வருஷம் நான், மனைவி, எட்டு வயதுப் பையன், அப்பா நாலு பேரும் கோயம்புத்தூரிலிருந்து போய் பன்னிரண்டு நாள் கார் எடுத்துச் சுற்றினோம். திரும்பி வந்ததிலிருந்து வாரத்துக்கு ஒருவராவது "அங்கே எப்படிக் கார் எடுக்கிறது, என்னென்ன வேணும்" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலது பக்கம், கிலோமீட்டர் கணக்கு. சாலையில் கூட்டமே இல்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டு "நம்ம ஊர் மாதிரிதானே, பாலக்காடு ரோட்டிலேயே ஓட்டுறோம்" என்று எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போய் இறங்குகிறோம். அமெரிக்காவுக்கோ ஜெர்மனிக்கோ போகிறவருக்கு வலது பக்கம் ஓட்ட வேண்டுமே என்ற பயமாவது இருக்கும், அந்தப் பயமே கவனமாக வைத்திருக்கும். நமக்கு இங்கே அது கிடையாது. ஒரே பக்கம் ஓட்டினாலும் பழக்கம் வேறு, அதைத்தான் இந்த வழிகாட்டி முழுக்கச் சொல்லப் போகிறேன்.

லைசென்ஸ்

நியூசிலாந்து சட்டப்படி உங்கள் ஊர் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் அதுவே போதும், இல்லையென்றால் மொழிபெயர்ப்பு வேண்டும். தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, எனவே தனியாக சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் கட்டாயம் இல்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் வாடகை நிறுவனங்கள் தங்கள் விதியில் அதைக் கேட்கலாம். பதினோராயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் கவுண்டரில் நின்றுகொண்டு சட்டம் பேச முடியாது.

பெர்மிட்டை நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான் கொடுக்கிறது. பரிவாஹன் தளத்தில் சாரதி பகுதிக்குள் போய் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 1,000 ரூபாய், பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல்கள் கேட்பார்கள். ஒரு வருஷம் செல்லும், அதற்கு மேல் புதுப்பிக்க முடியாது, மறுபடி புதிதாகத்தான் எடுக்க வேண்டும். பெர்மிட் தனியாகச் செல்லாது, அசல் லைசென்ஸ் கார்டோடு சேர்த்தால்தான் மதிப்பு. டிஜிலாக்கரில் இருக்கிறது, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. கார்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். கார்டில் தேதி முடியப் போகிறதா, பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளது போலவே இருக்கிறதா என்று இரண்டு மாதம் முன்பே பாருங்கள். இனிஷியலை விரித்து எழுதும் விஷயத்தில் நம் ஆட்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம்.

கார் பதிவு செய்வது, கிரெடிட் கார்டு

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடை, கூட்டம் அதிகம், வாடகையும் ஏறும். மூன்று நான்கு மாதம் முன்பே பதிவு செய்தால் நல்லது. பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் வண்டிதான் கிடைக்கும். கியர் வண்டியே ஓட்டிப் பழகியவர்கள் இடது காலைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் அந்தக் கால் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதித்துவிடும். இங்கேயே யாராவது நண்பரின் ஆட்டோமேட்டிக் வண்டியை இரண்டு நாள் வாங்கி ஓட்டிவிட்டுப் போனால் போதும்.

நாலு பேர், நாலு பெரிய பெட்டி என்றால் சின்ன கார் எடுக்காதீர்கள். சீட் ஐந்து இருக்கும், டிக்கி இடம் கொடுக்காது. ஏழு வயது நிறையாத குழந்தை இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், மடியில் வைத்துக்கொள்வது என்ற பேச்சே இல்லை. பதிவு செய்யும்போதே அதையும் கேட்டுவிடுங்கள். ஓட்டப் போகிறவர் இரண்டு பேர் என்றால் இரண்டு பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கைகழுவிவிடும்.

பணம் கட்டுவது ஒரு பக்கம் என்றால், பாண்ட் என்று ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். அதற்குப் பெரும்பாலும் கிரெடிட் கார்டுதான் கேட்பார்கள், அதுவும் ஓட்டுபவர் பெயரிலேயே. கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, லிமிட் போதுமா பார்த்து, பின் நம்பரை மனப்பாடம் செய்யுங்கள், அங்கே சிப் போட்டுப் பின் அடிக்கச் சொல்வார்கள். ஓ.டி.பி. வர நம்ம ஊர் சிம்மில் ரோமிங் இருக்கட்டும்.

இன்சூரன்ஸ்: இதை வீட்டிலேயே உட்கார்ந்து படியுங்கள்

கவுண்டரில் நிற்கும்போது தூக்கக் கலக்கம், பின்னால் வரிசை, அந்த நேரத்தில் "ஃபுல் கவர் வேண்டுமா" என்று கேட்டால் தலையாட்டிவிடுவோம், இல்லையென்றால் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று வேண்டாம் என்போம். இரண்டுமே படிக்காமல் எடுக்கும் முடிவு.

விஷயம் இதுதான். வாடகையோடு ஒரு அடிப்படை இன்சூரன்ஸ் வரும், ஆனால் எக்சஸ் என்று ஒரு தொகை இருக்கும். சேதம் யார் தப்பாக இருந்தாலும் முதலில் அந்தத் தொகை வரை உங்கள் கையிலிருந்து போகும், அது சில ஆயிரம் நியூசிலாந்து டாலர் வரை கூட இருக்கும். தினமும் கொஞ்சம் கூடுதல் கட்டினால் எக்சஸைக் குறைக்கலாம், பூஜ்யமாகவும் ஆக்கலாம். நியூசிலாந்தில் நம்ம ஊர் போல மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம் கிடையாது. உங்களை இடித்தவரிடம் இன்சூரன்ஸே இல்லாமல் இருக்கலாம். அதனால் எக்சஸைக் குறைத்துக்கொள்வதற்குச் செலவழிக்கும் காசு வீண் இல்லை என்பது என் கருத்து, பயணத்தில் வேறு எங்காவது மிச்சம் பிடியுங்கள்.

எக்சஸ் பூஜ்யம் என்று போட்டிருந்தாலும் சில சேதங்கள் வெளியே நிற்கும், ஒப்பந்தத்தில் அந்தப் பட்டியலைத் தேடிப் பாருங்கள். முன் கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பாகம், கூரை, சாவி தொலைவது, பெட்ரோலுக்குப் பதில் டீசல் போடுவது, ஆற்றில் இறக்குவது, இவையெல்லாம் பல ஒப்பந்தங்களில் தனி. சில சாலைகளையே பெயர் சொல்லி விலக்கி வைத்திருப்பார்கள்: குயின்ஸ்டவுன் பக்கம் ஸ்கிப்பர்ஸ் சாலை, மவுண்ட் குக் அருகே பால் ஹட் சாலை, வடக்குத் தீவின் நைன்டி மைல் பீச். மணலில் ஓட்டலாம் என்று வீடியோவில் பார்த்துவிட்டு வாடகை காரை அங்கே இறக்கினால் மொத்தச் செலவும் நம் தலையில்.

கார் இன்சூரன்ஸ் வேறு, பயண இன்சூரன்ஸ் வேறு. விபத்தில் காயம் பட்டால் ஏ.சி.சி. என்ற அரசுத் திட்டம் வெளிநாட்டவருக்கும் சிகிச்சைக்கு உதவும். ஆனால் நோய் வந்தால், பயணம் தடைப்பட்டால், ஊருக்குத் திரும்ப ஏற்பாடு செய்ய வேண்டுமென்றால் அது பார்க்காது. பயண இன்சூரன்ஸை விட்டுவிடாதீர்கள், குறிப்பாக வயதானவர்களைக் கூட்டிப் போகும்போது.

சாவி வாங்கும் நேரம்

இங்கேதான் எனக்கு அடி விழுந்தது. காரைச் சுற்றி நாலு பக்கமும் போட்டோ எடுத்தேன், பம்பர் கீறல்களைக் காட்டி எழுதிக்கொள்ளச் சொன்னேன், முன் கண்ணாடியை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது ஊழியர் டார்ச் அடித்துப் பார்த்து, ஓட்டுநர் பக்கம் மேலே, ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால், மிளகு அளவில் நட்சத்திரம் போல ஒரு தெறிப்பைக் காட்டினார். நான் வாங்கும்போதே இருந்ததா, வழியில் ஜல்லி தெறித்து விழுந்ததா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கண்ணாடி என் கவரில் இல்லை. காசு போனது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: வீடியோவாக எடுங்கள், நிதானமாக, வெளிச்சத்தில். கார் ஷெட்டுக்குள் இருந்தால் வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். முன் கண்ணாடியை உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் ஒரு மூலை விடாமல், நாலு வீல் ரிம், கூரை, கதவு ஓரங்கள், டிக்கி, ஸ்டெப்னி இருக்கிறதா, பெட்ரோல் அளவு, ஓடிய கிலோமீட்டர். ஸ்டெப்னிக்குப் பதில் பஞ்சர் ஒட்டும் டப்பா மட்டும் இருந்தால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அங்கேயே கேளுங்கள். விலை குறைந்த நிறுவனங்களில் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் கிடைக்கலாம், திரையில் எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழியில் இருக்கும். ஓட்டுவதற்கு ஒன்றும் ஆகாது, வழி பார்க்க உங்கள் போனை மாட்ட ஒரு ஸ்டாண்ட் மட்டும் ஊரிலிருந்தே கொண்டு போங்கள். போனைக் கையில் பிடித்தபடி ஓட்டினால் 150 டாலர் அபராதம்.

முதல் நாள் ஓட்டாதீர்கள்

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ சிங்கப்பூர் வழியாக கிறைஸ்ட்சர்ச் போய் இறங்கும்போது ஒரு இரவு முழுக்கச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். கடிகாரமும் ஆறரை, ஏழரை மணி நேரம் தள்ளிப் போயிருக்கும். அங்கே காலை பத்து மணி என்றால் உடம்புக்கு நடுராத்திரி கடந்த நேரம். அந்த உடம்போடு நேராகக் காரை எடுத்துக்கொண்டு டெகாபோ ஏரிக்கு மூன்று மணி நேரம் ஓட்டுகிற திட்டத்தைத்தான் நிறையப் பேர் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு இரவு ஊரிலேயே தூங்கிவிட்டு மறுநாள் காலை காரை எடுங்கள். ஒரு நாள் வாடகையும் மிச்சம்.

ஒற்றைப் பாலம்

எல்லா விதிகளிலும் நம் ஆட்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியது இதுதான். தெற்குத் தீவில், அதிலும் மேற்குக் கரையில், நெடுஞ்சாலையிலேயே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலங்கள் நிறைய உண்டு. நம்ம ஊரில் குறுகிய பாலம் வந்தால் என்ன செய்வோம்? யார் முதலில் ஹெட்லைட்டை அடிக்கிறாரோ அவருக்கு வழி. "நான் வருகிறேன், நீ நில்" என்பதுதான் அந்த வெளிச்சத்துக்கு அர்த்தம். அங்கே ஒருவர் லைட்டை அடித்தால் பெரும்பாலும் "நீங்கள் போங்கள்" என்று அர்த்தம். இந்த இரண்டு அர்த்தமும் ஒரே பாலத்தில் எதிரெதிரே வந்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அங்கே பாலத்துக்கு முன் பலகை இருக்கும். சிவப்பு வளையம் போட்ட வட்டப் பலகையில், உங்கள் திசையைக் காட்டும் அம்பு சின்னதாக, சிவப்பாக இருந்தால் நீங்கள்தான் வழிவிட வேண்டும். நீலப் பலகையில் உங்கள் திசை அம்பு பெரிதாக, வெள்ளையாக இருந்தால் வழி உங்களுக்கு, ஆனாலும் எதிரே யாராவது ஏற்கெனவே ஏறிவிட்டாரா என்று பார்த்துத்தான் ஏற வேண்டும்.

ஃபாக்ஸ் கிளேசியரிலிருந்து ஹாஸ்ட் போகும் வழி. மழை பெய்துகொண்டிருந்தது. முன் சீட்டில் அப்பா, முப்பது வருஷம் பல்லடம் ரோட்டில் வண்டி ஓட்டியவர். ஒரு ஒற்றைப் பாலம் வந்தது, நம் பக்கம் சிவப்பு அம்பு. எதிரே ஒரு கேம்பர் வேன், இன்னும் பாலத்துக்கு வரவில்லை. "அவன் தூரத்துலதான் வர்றான் கண்ணு, லைட்டைப் போட்டுட்டு ஏறிரு" என்றார். நான் வெள்ளைக் கோட்டில் நிறுத்தினேன். வேன் வேகத்தைக் கொஞ்சமும் குறைக்காமல் வந்து ஏறியது, அவர் ஏன் குறைக்க வேண்டும், வழி அவருடையது. எங்களைக் கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த பாலத்துக்கு நூறு மீட்டர் முன்பே அவரே, "செவப்பு நமக்குத்தான், நில்லு" என்றார். அதன் பிறகு பயணம் முடியும் வரை பலகை படிக்கும் வேலை அவருடையது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள், உண்மையிலேயே உதவும்.

ஹாஸ்ட் ஆற்றுப் பாலம் 737 மீட்டர் நீளம், அதுவும் ஒற்றை வழிதான். நடுவில் ஒதுங்கி நிற்க இடம் விட்டிருக்கிறார்கள், பொறுமையாகப் போங்கள்.

மற்ற விதிகள்

ஊருக்குள் பொதுவாக 50, வெளியே 100 கி.மீ. இது உச்சவரம்பு, அந்த வேகத்தில் போயே ஆக வேண்டும் என்று இல்லை. மலை வளைவுகளில் மஞ்சள் பலகையில் 35, 45 என்று எழுதியிருப்பதை நம்புங்கள், சும்மா எழுதவில்லை. வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு இருந்தால் வேக வரம்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், 100-க்குள் என்றுதான் அர்த்தம்.

ரவுண்டானாவில் வலது பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும். நம்ம ஊரில் முதலில் மூக்கை நுழைத்தவருக்கு வழி, அங்கே அது நடக்காது. வலது பக்கம் திரும்பும்போது எதிரே நேராக வருபவருக்கு மட்டுமல்ல, எதிரிலிருந்து இடது பக்கம் திரும்புபவருக்கும் நீங்கள்தான் காத்திருக்க வேண்டும். இந்த விதி 2012 மார்ச்சில்தான் மாறியது, பழைய பயணக் குறிப்புகளில் தலைகீழாக இருக்கும். சிவப்பு சிக்னலில் இடது பக்கம் திரும்பக் கூடாது. ஸ்டாப் என்று பலகை இருந்தால் சாலை காலியாக இருந்தாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும்.

நடுக்கோட்டில் உங்கள் பக்கம் முழு மஞ்சள் கோடு இருந்தால் ஓவர்டேக் செய்யக் கூடாது. பின்னால் மூன்று நான்கு வண்டி சேர்ந்துவிட்டால், இடது பக்கம் ஒதுங்க இடம் வரும்போது ஒதுங்கி விட்டுவிடுங்கள். அவர்களெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள், பால் வண்டி ஓட்டுகிறவர்கள். நாம்தான் மலையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போகிறோம். ஹாரன் அடிக்கும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள், அங்கே அதைத் திட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பள்ளிப் பேருந்து நின்று பிள்ளைகள் ஏறி இறங்கினால், நீங்கள் எந்தத் திசையில் போனாலும் 20 கி.மீ. வேகத்துக்கு மேல் கடக்கக் கூடாது. பார்க்கிங்கில் இன்னொரு விஷயம்: சாலையோரம் வண்டியை நிறுத்தினால் போக்குவரத்து போகும் திசையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் இடம் காலியாக இருக்கிறதே என்று குறுக்கே போய் நிறுத்தினால் அபராதம். விட்டு விட்டுப் போட்ட மஞ்சள் கோடு ஓரத்தில் இருந்தால் அங்கே நிறுத்தவே கூடாது.

வடக்குத் தீவில் மூன்று சாலைகளுக்கு டோல் உண்டு. கேட் எதுவும் இருக்காது, கேமரா நம்பரை எடுத்துக்கொள்ளும், ஐந்து நாளுக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். மறந்தால் நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்த்துப் பிடிக்கும்.

தூரம், பெட்ரோல், சிக்னல்

மேப் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் என்ற கடற்கழிக்கு சுமார் 290 கி.மீ., நிற்காமல் போனாலே நாலு மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்புகிறேன் என்றால் எட்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், நடுவில் படகுப் பயணம் வேறு. டே அனாவ் என்ற ஊரில் ஒரு இரவு தங்கிப் போவதுதான் சரி. அங்கிருந்து 118 கி.மீ.

டே அனாவ், வானாகா போன்ற ஊர்களிலிருந்து கிளம்பும்போது டேங்க் நிறைந்திருக்கட்டும். பங்கில் ஆள் வந்து போட மாட்டார், நாமே போட வேண்டும். சின்ன ஊர்களில் ஆளே இல்லாத பங்க் இருக்கும், சில சமயம் நம்ம ஊர் கார்டை அந்த மெஷின் ஏற்காது, அதனால் வேறு வங்கியின் இரண்டாவது கார்டும் கையில் இருக்கட்டும். மில்ஃபோர்ட் சாலையிலும் ஹாஸ்ட் பக்கமும் போன் சிக்னல் நீண்ட தூரம் கிடைக்காது, மேப்பை முதல் நாள் இரவே இறக்கி வையுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். காலையில் நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும். மில்ஃபோர்ட் சாலையில் மே முதல் நவம்பர் வரை டயர் சங்கிலி வைத்திருக்கச் சொல்வார்கள். குயின்ஸ்டவுன் – வானாகா இடையே உள்ள கிரவுன் ரேஞ்ச் சாலை 1,000 மீட்டருக்கு மேல் ஏறுகிறது, குளிர்காலத்தில் அதை விலக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. பனியில் ஓட்டிப் பழக்கம் இல்லாத நாம் முதல் தடவை கோடையில் போவதே மேல்.

மில்ஃபோர்ட் சாலையில் வரும் ஹோமர் சுரங்கப்பாதை முன் சிக்னலுக்குக் காத்திருக்கும்போது கியா என்ற பச்சைக் கிளி காரின் மேல் வந்து உட்காரும். அழகுதான், ஆனால் வைப்பர் ரப்பரையும் கதவு ரப்பரையும் கொத்தி இழுக்கும். எங்கள் காரின் கூரையிலிருந்து ஆன்டெனாவை அசைத்துப் பார்த்தது. பிஸ்கெட் போடாதீர்கள், அதற்கும் நல்லதல்ல, காருக்கும் நல்லதல்ல.

ஏதாவது நடந்துவிட்டால்

அவசர உதவிக்கு 111. விபத்து என்றால் நின்றே ஆக வேண்டும். யாருக்காவது காயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். எதிர் வண்டியின் நம்பர், ஓட்டியவர் பெயர், முகவரி, போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு உடனே வாடகை நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இடத்திலேயே காசு கொடுத்துப் பேசி முடிப்பது நம்ம ஊர் வழக்கம், அங்கே அப்படிச் செய்தால் இன்சூரன்ஸ் கிடைக்காமல் போகலாம்.

திருப்பிக் கொடுக்கும்போது

விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாவது காரைக் கொண்டு போய் விடுங்கள். பக்கத்துப் பங்கில் டேங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி முழு வீடியோ, முன் கண்ணாடியோடு. ஆள் இல்லாத நேரத்தில் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னால், நிறுத்திய இடமும் நேரமும் தெரிகிற மாதிரி எடுங்கள். முடிந்தவரை ஆள் இருக்கும் நேரத்தில் கொடுத்து, சேதம் இல்லை என்று எழுதி வாங்குங்கள். சீட்டுக்கு அடியில் ஒருமுறை கை விட்டுப் பாருங்கள், எங்கள் பையனின் ஒரு ஷூ அங்கேதான் இருந்தது.

பாண்ட் தொகை கார்டுக்குத் திரும்ப ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். வேகக் கேமரா அபராதமோ பார்க்கிங் அபராதமோ ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கார்டுக்கே வரும், அதனால் இரண்டு மூன்று மாதத்துக்குக் கார்டை மூடாமல், மாதாமாதம் ஸ்டேட்மென்டைப் பாருங்கள். வீடியோக்களையும் அதுவரை போனிலிருந்து அழிக்க வேண்டாம்.